எண்ணெய், உதவி, பாதுகாப்பு: பினாங்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயங்கரவாதம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவை காவல்துறை, தடுப்புக்காவல், பாதுகாப்புக் குற்றங்களுக்கான சொஸ்மா சட்டம். நாடு எரிபொருளை எங்கே வாங்குகிறது, அண்டை நாட்டில் பேரிடர் வந்தால் எவ்வளவு கொடுக்கிறது என்பதெல்லாம் வேறு அமைச்சுகளின் வேலை என்று விட்டுவிடுகிறோம். அப்படி விடுவது ஆபத்து என்பது என் உறுதியான கருத்து. ஜார்ஜ் டவுனிலும் பட்டர்வொர்த்திலும் ஆறாம் படிவ மாணவர்களோடும் அவர்களின் பெற்றோரோடும் இதைப் பேசும்போது திரும்பத் திரும்ப எழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

எரிபொருளுக்கும் பயங்கரவாதத்துக்கும் அப்படி என்ன உறவு?

முதலில், எரிபொருள் ஓர் இலக்கு. ஒரு நாட்டை முடக்க நினைப்பவன் அதன் படையைத் தாக்க வேண்டியதில்லை. எண்ணெய்த் தொட்டியைத் தாக்கினால் போதும். 1914 செப்டம்பர் 22 இரவில் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்துக்கு வந்து குண்டு வீசியபோது எரிந்தவை பர்மா எண்ணெய் நிறுவனத்தின் தொட்டிகள். அதே கப்பல்தான் அக்டோபர் 28 அன்று பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்து ரஷ்யப் போர்க்கப்பல் ஜெம்சுக்கை மூழ்கடித்தது. இறந்த ரஷ்ய மாலுமிகளின் நினைவிடம் இன்றும் ஜார்ஜ் டவுனில் இருக்கிறது. அது பயங்கரவாதம் அன்று, போர். ஆனால் அன்று ஒரு போர்க்கப்பலும் முழு மாலுமிக் குழுவும் தேவைப்பட்ட காரியத்துக்கு இன்று சில டிரோன்கள் போதும். 2019 செப்டம்பர் 14 அன்று சவூதி அரேபியாவின் அப்கைக் எண்ணெய் ஆலை தாக்கப்பட்டபோது நாளொன்றுக்கு 57 லட்சம் பீப்பாய் உற்பத்தி நின்றது. அந்நாட்டின் உற்பத்தியில் அது ஏறக்குறைய பாதி.

இந்த ஆபத்து எங்கோ தொலைவில் நிற்கவில்லை. 2013 ஜனவரியில் அல்ஜீரியாவின் இன் அமெனாஸ் எரிவாயு நிலையத்தை ஆயுதக் குழு கைப்பற்றியது. கொல்லப்பட்ட வெளிநாட்டுத் தொழிலாளர்களில் மலேசியர்களும் உண்டு. எண்ணெய், எரிவாயுத் துறையில் வேலை தேடிக் கடல் கடந்து போகும் நம் பிள்ளைகளை இது நேரடியாகத் தொடும் விஷயம்.

இரண்டாவது, எரிபொருள் என்பது பணம். மூன்றாவது, அது ஒரு மனக்குறை. தன் நிலத்தடியில் எடுத்த எரிவாயு தன் பிள்ளைக்குப் பள்ளிக்கூடமாகக்கூட மாறவில்லை என்று ஒரு மக்கள் கூட்டம் உணரும் இடத்தில், துப்பாக்கி தூக்குகிறவனின் பேச்சு எடுபடுகிறது. மூன்றிலும் அதிகம் பேசப்பட வேண்டியது இதுவே. குறைவாகப் பேசப்படுவதும் இதுவே.

நான் பெட்ரோல் போடும் பணம் பயங்கரவாதிகளிடம் போகிறதா?

நேராகப் போவதில்லை. அப்படிச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்களை நம்பாதீர்கள். ஆனால் பணம் எப்படி ஓடுகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

ஐஎஸ் அமைப்பு 2014இல் சிரியாவிலும் ஈராக்கிலும் எண்ணெய் வயல்களைப் பிடித்தது. அந்த எண்ணெய் உலகச் சந்தைக்குப் பெரிய கப்பல்களில் வரவில்லை. வயலின் வாசலிலேயே லோரிக்காரர்கள் ரொக்கம் கொடுத்து வாங்கினார்கள். சிற்றாலைகளில் காய்ச்சி உள்ளூரிலும் எல்லை தாண்டியும் விற்றார்கள். அந்த அமைப்பை எதிர்த்துப் போரிட்ட தரப்புகளின் கைக்குக்கூட இடைத்தரகர் வழியாக அது போய்ச் சேர்ந்தது. 2015 பிப்ரவரியில் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 2199ஆம் தீர்மானத்தால் இந்த வணிகத்தைத் தடுத்தது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் அமெரிக்கத் தலைமையிலான கூட்டணி எண்ணெய் லோரிகளையே குண்டு வீசி அழித்தது. எண்ணெய் வருமானம் சரிந்தபோதும் அந்த அமைப்பு உடனே விழவில்லை. தன் பிடியிலிருந்த மக்களிடம் வரியும் கப்பமும் பிடுங்கியது. ஆகவே எண்ணெயை மட்டும் அடைத்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று எண்ணுவதும் பிழை.

கச்சா எண்ணெய்க்கு உலகம் முழுக்க ஒரே சந்தை. நார்வே எண்ணெயை வாங்கினாலும் ஈராக் எண்ணெயை வாங்கினாலும் விலை ஒன்றையொன்று தொட்டே நகரும். “அந்த நாட்டிடம் வாங்க மாட்டோம்” என்ற சபதத்துக்கு இந்தச் சந்தையில் பெரிய பலன் இல்லை. நாம் விட்டதை இன்னொருவர் வாங்கிக்கொள்வார். பலன் தரக்கூடியது ஒன்றே ஒன்று: மொத்தத்தில் குறைவாக எரிப்பது.

தன் எண்ணெயைத் தானே எடுக்கும் நாடு பாதுகாப்பானதுதானே?

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் விநியோகத்துக்குத் தடை விதித்தன. சில மாதங்களில் விலை ஏறக்குறைய நான்கு மடங்கானது. 1974இல் பன்னாட்டு எரிசக்தி முகமை உருவானதும், அதன் உறுப்பு நாடுகள் 90 நாள் இறக்குமதிக்கு ஈடான எண்ணெயை இருப்பில் வைக்க வேண்டும் என்ற விதி வந்ததும் அந்த அதிர்ச்சியால்தான். அமெரிக்கா எண்ணெய்க்கு அடிமைப்பட்டிருக்கிறது என்று 2006இல் அதிபர் புஷ்ஷே நாடாளுமன்றத்தில் சொன்னார். பிறகு அந்நாட்டின் உற்பத்தி பெருகியது. 2020இல் இறக்குமதியை விட ஏற்றுமதி மிஞ்சியது.

ஆனாலும் அப்கைக் தாக்கப்பட்ட அடுத்த வணிக நாளில் உலக விலை ஒரே நாளில் சுமார் 15 விழுக்காடு ஏறியபோது அமெரிக்கர்களும் அதிலிருந்து தப்பவில்லை. கிணறு யாருடையதாக இருந்தாலும் விலை எல்லோருடையது. இருப்பு வைப்பது, எரிபொருளைப் பல வழிகளில் பெறுவது, தேவையைக் குறைப்பது ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அது பாதுகாப்பு.

மலேசியாவுக்குத்தான் பெட்ரோனாஸ் இருக்கிறதே?

இருக்கிறது, அது நம் பெருமையும்கூட. 1974இல் பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டத்தோடு பிறந்த நிறுவனம் அது. ஆனால் எண்ணெய் எடுக்கும் நாடாகிய நாமும் ஆலைகளுக்கு வெளியிலிருந்து கச்சா எண்ணெய் வாங்குகிறோம். ஜொகூரின் பெங்கெராங்கில் உள்ள பெரிய சுத்திகரிப்பு ஆலை பெட்ரோனாஸும் சவூதி அராம்கோவும் சேர்ந்து நடத்துவது. வளைகுடாவில் வெடிச்சத்தம் கேட்டால் பெங்கெராங்கிலும் அது எதிரொலிக்கும்.

இன்னொன்றையும் நாம் மறைக்காமல் பேச வேண்டும். 1990களில் சூடானின் எண்ணெய்த் திட்டத்தில் சீன நிறுவனத்தோடு சேர்ந்து பெட்ரோனாஸ் 30 விழுக்காடு பங்கு எடுத்தது. அப்போது சூடான் பயங்கரவாதத்துக்குத் துணைபோகும் நாடு என்று அமெரிக்கா பட்டியலிட்டிருந்த நாடு. அந்தப் பட்டியலிலிருந்து அது 2020இல்தான் நீங்கியது. தெற்கே உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. எண்ணெய் வருமானம் அந்தப் போருக்கு எரிபொருளானது என்று மனித உரிமை அமைப்புகள் கடுமையாகக் குற்றஞ்சாட்டின. மேற்கு நாடுகள் விலகிய இடத்தில் நம்மைப் போன்ற நாடுகளின் நிறுவனங்கள் நுழைந்தன. அங்கே நம் மக்களுக்கு வேலை கிடைத்தது. நாட்டுக்கு வருமானமும் வந்தது. ஆனால் எரிசக்தி முதலீடு ஒன்றை முடிவு செய்யும் அறையில் “இந்தப் பணம் அங்கே யார் கைக்குப் போகும்?” என்று கேட்க ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தக் கேள்வியை வெளிநாட்டார் நம்மைப் பார்த்துக் கேட்கும் வரை காத்திருக்கக் கூடாது.

பெட்ரோல் மானியம் பாதுகாப்பு விஷயமா?

ஒரு வகையில் ஆம். விலை வித்தியாசம் பெரிதாக இருக்கும் எல்லையில் கடத்தல் பிறக்கும். எரிபொருளைக் கடத்தப் பழகிய பாதை வேறு எதற்கும் பயன்படும். தீபகற்பத்தில் டீசலுக்கான பொது மானியத்தை 2024 ஜூன் 10இல் அரசு நீக்கியபோது சொன்ன முக்கியக் காரணங்களில் கடத்தலும் ஒன்று, லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ஆனது. 2025 செப்டம்பர் இறுதியில் புடி95 திட்டம் வந்தபோது குடிமக்களுக்கு மட்டும் ரோன்95 லிட்டர் 1.99 ரிங்கிட் என்றானது. மானியத்தை உரியவருக்குக் கொடுப்பதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். அதில் மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்காவது பஸ், ரயில் சேவைக்குப் போக வேண்டும் என்பதும் என் கோரிக்கை. பட்டர்வொர்த்திலிருந்து பாயான் லெப்பாஸ் ஆலைக்கு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு மோட்டார் சைக்கிளைத் தவிர வேறு வழியே இல்லாதபோது “குறைவாக எரியுங்கள்” என்று உபதேசம் செய்வது நியாயமன்று.

மலாக்கா நீரிணை நமக்கு வெளியே இருப்பதுதானே? அதற்கு என்ன ஆபத்து?

இருபதாண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். வளைகுடாவிலிருந்து கிழக்காசியாவுக்குப் போகும் எண்ணெயின் பெரும்பகுதி பினாங்குக்கு மேற்கே உள்ள இந்த நீர்வழியாகத்தான் போகிறது. சிங்கப்பூருக்கு அருகே அதன் குறுகிய இடம் மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. கடற்கொள்ளையோடு பயங்கரவாதமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்ற அச்சத்தில், 2005 ஜூனில் லண்டன் கப்பல் காப்பீட்டாளர்களின் குழு இந்த நீரிணையைப் போர் அபாயப் பகுதிகளின் பட்டியலில் சேர்த்தது. ஒரு குண்டும் வெடிக்கவில்லை. காப்பீட்டுச் செலவு மட்டும் ஏறியது. அச்சமே ஒரு வரியாகிவிட்டது.

மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் மூன்றும் 2004இலேயே கூட்டுக் கடல் ரோந்தைத் தொடங்கியிருந்தன. 2005இல் வான்வழிக் கண்காணிப்பும் சேர்ந்தது. 2008இல் தாய்லாந்தும் இணைந்தது. 2006 ஆகஸ்டில் அந்தப் பட்டியலிலிருந்து நீரிணையின் பெயர் நீக்கப்பட்டது. வெளிவல்லரசு ஒன்றின் படையை உள்ளே அழைக்காமல் கரையோர நாடுகளே செய்த காரியம் இது. ஆனால் ரோந்துப் படகு கடலைத்தான் காக்கும். கரையில் இருக்கும் மனக்குறையை அது தீர்க்காது.

சரி, வெளிநாட்டு உதவி ஏன்? வறுமைதான் பயங்கரவாதத்துக்குக் காரணமா?

வறுமையே காரணம் என்று சொல்வது ஏழைகளை அவமதிப்பது. உலகின் ஏழைகளில் மிகப் பெரும்பாலோர் யாரையும் கொல்வதில்லை. 202 பேரைக் கொன்ற 2002 பாலி குண்டுவெடிப்பின் பின்னணியில் இருந்த அசஹாரி ஹுசின் மலேசியப் பல்கலைக்கழக விரிவுரையாளர்; பிரிட்டனில் முனைவர் பட்டம் பெற்றவர். 2017இல் பிலிப்பீன்ஸின் மராவி நகரைப் பிடித்தவர்களின் தலைமையில் இருந்த மஹ்மூட் அகமட் மலாயாப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். பசியால் அந்த வழிக்குப் போனவர்கள் அல்லர் இவர்கள்.

ஆனால் அசஹாரி போன்றவர்கள் ஒளிய இடம் வேண்டும், ஆள் வேண்டும், சுற்றியுள்ளவர்கள் வாய் திறக்காமல் இருக்க வேண்டும். நீதிமன்றமும் மருத்துவமனையும் ஆசிரியரும் எட்டிப்பார்க்காத ஊரில் இவை மூன்றும் எளிதாகக் கிடைக்கின்றன. ஆயுதக் குழுவே அங்கே நீதிபதியாகிறது, வரி வாங்குகிறது, கஞ்சி ஊற்றுகிறது. அந்த வெற்றிடத்தை நிரப்புவதுதான் உதவியின் பாதுகாப்புப் பயன். எல்லோரையும் பணக்காரராக்குவது அதன் வேலையன்று. அது முடியவும் முடியாது.

எரிபொருள், உதவி, பாதுகாப்பு மூன்றும் சேர்ந்து நல்ல முடிவைத் தந்த இடம் எது?

இந்தோனேசியாவின் ஆச்சே. பினாங்கில் நின்று பார்த்தால் நீரிணைக்கு அக்கரை.

1971இல் ஆச்சேயின் அருண் பகுதியில் பெரும் எரிவாயு வயல் கண்டுபிடிக்கப்பட்டது. 1978இலிருந்து திரவ எரிவாயு கப்பல் கப்பலாக ஜப்பானுக்குப் போயிற்று. வருமானத்தின் பெரும்பகுதி ஜகார்த்தாவுக்குப் போயிற்று. வயல் கண்டுபிடிக்கப்பட்டதற்கும் முதல் கப்பல் புறப்பட்டதற்கும் இடையே, 1976 டிசம்பரில், சுதந்திர ஆச்சே இயக்கம் தொடங்கப்பட்டது. “எங்கள் வாயுவை எடுத்துக்கொண்டு எங்களை இருட்டில் விட்டார்கள்” என்பதே அதன் புகாரின் சாரம். இராணுவ ஒடுக்குமுறை அந்தப் புகாருக்கு இன்னும் ஆயிரம் ஆதாரங்களைக் கொடுத்தது. 2001இல் தாக்குதல்களால் எக்ஸான்மொபில் நிறுவனம் சில மாதங்களுக்கு அங்கே உற்பத்தியையே நிறுத்தியது.

2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள். பினாங்கின் கடலோரத்தில் நாம் இழந்த உயிர்கள் நமக்குத் தெரியும். மலேசியாவில் இறந்த 68 பேரில் பெரும்பாலோர் இம்மாநிலத்தவர். ஆச்சேயில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். அதுவரை வெளியார்க்கு மூடப்பட்டிருந்த அந்த நிலம் திறக்கப்பட்டது. உலகமே உதவி அனுப்பியது. மறுசீரமைப்புக்காக ஜகார்த்தா தனி வாரியம் ஒன்றை அமைத்தது. ஊழலைத் தடுக்கும் பிரிவையும் அதற்குள்ளேயே வைத்தது. பின்லாந்தின் முன்னாள் அதிபர் மார்ட்டி அதிசாரி இரு தரப்பையும் ஹெல்சிங்கியில் உட்காரவைத்தார். 2005 ஆகஸ்ட் 15 அன்று உடன்பாடு கையெழுத்தானது.

அந்த உடன்பாட்டில் இளைஞர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விதி உண்டு: ஆச்சேயின் எண்ணெய், எரிவாயு வருமானத்தில் 70 விழுக்காடு ஆச்சேக்கே. அதாவது எரிசக்தி வருமானம் எப்படிப் பங்கிடப்படும் என்பது அமைதி உடன்பாட்டுக்குள்ளேயே எழுதப்பட்டது. போராளிகள் 840 ஆயுதங்களை ஒப்படைத்தார்கள். அவற்றைப் பெற்று அழித்த கண்காணிப்புக் குழுவில் ஐரோப்பியரோடு மலேசியா உட்பட ஐந்து ஆசியான் நாடுகளின் அதிகாரிகளும் பணியாற்றினார்கள்.

சுனாமிதான் அமைதியைக் கொண்டுவந்தது என்று சுருக்கிச் சொல்வது சரியன்று. பேரலைக்கு முன்பே ஜகார்த்தாவிலிருந்து இரகசியத் தூது போயிருந்தது; இயக்கமும் களைத்திருந்தது. ஆனால் உதவி வந்த விதமும், வருமானத்தைப் பங்கிட மத்திய அரசு காட்டிய மனமும் இல்லாதிருந்தால் அந்தத் தூது பேச்சோடு நின்றிருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

அதே சுனாமிதானே இலங்கையையும் தாக்கியது? அங்கே ஏன் அப்படி நடக்கவில்லை?

இந்தக் கேள்வியை யாராவது ஒருவர் கேட்காமல் ஒரு கூட்டமும் முடிந்ததில்லை. கேட்கும்போது குரல் தழுதழுக்கிறது.

இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வடக்கிலும் கிழக்கிலும் அழிவு மிகக் கொடியது. நிவாரணத்தை அரசும் விடுதலைப் புலிகளும் சேர்ந்து நிர்வகிக்க 2005 ஜூன் 24 அன்று ஓர் உடன்பாடு கையெழுத்தானது. அதை எதிர்த்து ஜே.வி.பி. கட்சி அரசிலிருந்து விலகியது, வழக்குத் தொடுத்தது, ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதன் முக்கியப் பகுதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. உடன்பாடு காகிதமாகவே செத்தது. அடுத்த ஆண்டே போர் மீண்டும் மூண்டது. 2009இல் முடிந்த விதத்தை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. நம் வீடுகளில் அந்தத் துயரம் இன்னும் ஆறவில்லை.

ஆச்சேயில் உதவியைப் பங்கிடும் ஏற்பாடு அரசியல் தீர்வோடு கைகோத்து நடந்தது. இலங்கையில் பங்கீடே அரசியல் சண்டையாகிவிட்டது. உதவிக்குத் தானாக அமைதி செய்யும் சக்தி கிடையாது. கொடுக்கிற நாடுகள் பணத்தை அனுப்பிவிட்டு ஒதுங்கினால் இப்படித்தான் முடியும்.

உதவியைப் பாதுகாப்போடு இணைப்பது நல்லது என்றால், உளவுத்துறையும் அதைப் பயன்படுத்தலாமா?

கூடவே கூடாது. 2011இல் பின்லாடனைத் தேடிய அமெரிக்க உளவுத்துறை, பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் தடுப்பூசி முகாம் என்ற போர்வையில் தகவல் திரட்டியது. செய்தி வெளியானதும் தடுப்பூசி போட வரும் செவிலியரும் சந்தேகத்துக்கு ஆளானார்கள். போலியோ சொட்டு மருந்து கொடுக்கச் சென்ற பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2014இல் பாகிஸ்தானில் 306 பேருக்குப் போலியோ. இனி தடுப்பூசித் திட்டங்களை உளவுக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று அதே ஆண்டு வெள்ளை மாளிகை உறுதியளித்தது. அதற்குள் போனவை போனவைதான்.

ஆப்கானிஸ்தானில் இன்னொரு விதமான கேடு. அமெரிக்கப் படைக்கு எரிபொருளும் உணவும் கொண்டுபோக 200 கோடி டாலருக்கு மேற்பட்ட லோரி ஒப்பந்தங்கள் இருந்தன. பாதையில் பாதுகாப்புக்காக உள்ளூர் ஆயுதத் தலைவர்களுக்குக் கப்பம் கட்டப்பட்டதையும், அதில் ஒரு பகுதி எதிரிகளிடமே போயிருக்கக்கூடும் என்பதையும் 2010இல் அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு அறிக்கையாகவே வெளியிட்டது. நிலக்கரியும் நீரும் சூரியனும் காற்றும் தர முடிந்த மின்சாரத்துக்குக்கூட டீசல் லோரியை நம்பியிருந்த போர் அது. ஒவ்வொரு லோரியும் ஓர் இலக்கு, ஒவ்வொரு சோதனைச் சாவடியும் ஒரு கப்பம்.

நான் சொல்லும் இணைப்பு திட்டமிடும் மேசையில் இருக்க வேண்டிய இணைப்பு. களத்தில் மருத்துவர் மருத்துவராகவே இருக்க வேண்டும், ஒற்றன் ஒற்றனாகவே இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே சட்டைக்குள் நுழைத்தால் இரண்டும் கெடும்.

அமெரிக்கா உதவியை நிறுத்தியதால் நமக்கு என்ன?

1961இல் தொடங்கப்பட்ட, அமெரிக்காவின் வெளிநாட்டு உதவியை நடத்திய யூஎஸ்எய்ட் அமைப்பின் பெரும்பாலான திட்டங்கள் 2025இன் தொடக்கத்திலேயே முடக்கப்பட்டன. ஜூலை 1இல் அது தனி அமைப்பாக இயங்குவது முடிந்தது. ஐஎஸ் குடும்பத்தினர் பல்லாயிரக்கணக்கில் அடைக்கப்பட்டிருந்த வடகிழக்குச் சிரியாவின் அல்-ஹோல் முகாமில் அமெரிக்க நிதியில் நடந்த சேவைகள் திடீரென நின்று, பிறகு தற்காலிக அனுமதியோடு தொடர்ந்தன. அப்படிப்பட்ட ஒரு முகாமில் ரொட்டியும் தண்ணீரும் நின்றுபோவது தர்ம காரியம் தடைப்படுவது மட்டுமன்று, காவல் தளர்வதும்கூட. அந்த முகாம்களில் இருந்தவர்கள் பல நாட்டவர். ஐஎஸ் அமைப்பில் சேரச் சிரியாவுக்குப் போன மலேசியர்களும் உண்டு.

மலேசியா போன்ற சிறிய நாடு என்ன செய்துவிட முடியும்?

ஏற்கெனவே செய்திருக்கிறது; நமக்குத்தான் தெரிவதில்லை. தெற்குப் பிலிப்பீன்ஸில் முஸ்லிம்களின் தன்னாட்சிக்காகப் போராடிய மோரோ இயக்கத்துக்கும் மணிலாவுக்கும் இடையே நடந்த பேச்சுக்கு மலேசியா நடுவராக இருந்தது. 2004இலிருந்து மிண்டானாவில் பன்னாட்டுக் கண்காணிப்புக் குழுவுக்குத் தலைமை தாங்கியது. 2014 மார்ச்சில் முழு அமைதி உடன்பாடு கையெழுத்தானது. அங்கும் எண்ணெய், எரிவாயு வருமானத்தை மத்திய அரசும் பங்சாமோரோ தன்னாட்சிப் பகுதியும் சரிபாதியாகப் பங்கிடும் ஏற்பாடு இருக்கிறது.

இதில் மலேசியாவுக்கு நேரடி நலன் உண்டு. 2000 ஏப்ரலில் சிபாடான் தீவிலிருந்து 21 பேர் தெற்குப் பிலிப்பீன்ஸின் அபு சயாஃப் ஆயுதக் குழுவால் கடத்தப்பட்டதை சபா மக்கள் மறக்கவில்லை. கடலுக்கு அப்பால் ஒழுங்கான நிர்வாகம் இல்லையென்றால் சபாவின் கரை அமைதியாக இராது. மராவி முற்றுகை ஐந்து மாதம் நீடித்தபோது, உடன்பாட்டில் கையெழுத்திட்ட மோரோ இயக்கம் அந்தத் தீவிரவாதிகளோடு சேரவில்லை, எதிர்த்து நின்றது. 2014 உடன்பாட்டுக்குக் கிடைத்த பலன்களில் இதை நான் முதலில் வைப்பேன்.

இதோடு 1980இல் தொடங்கிய மலேசியத் தொழில்நுட்ப ஒத்துழைப்புத் திட்டம் 140க்கும் மேற்பட்ட நாடுகளின் அதிகாரிகளுக்குப் பயிற்சி அளித்து வந்திருக்கிறது. பயங்கரவாத எதிர்ப்புக்கான தென்கிழக்காசிய மையம் 2003இலிருந்து கோலாலம்பூரில் இயங்குகிறது. பெரிய பணம் இல்லாத நாடு கொடுக்கக்கூடிய உதவி இதுதான்: பயிற்சியும் நடுநிலையும்.

நம் நாட்டிலேயே ஏழைகள் இருக்க, வெளியே ஏன் கொடுக்க வேண்டும்?

இரண்டும் வேண்டும். தோட்டத்திலிருந்து நகருக்குத் தள்ளப்பட்ட நம் குடும்பங்களுக்குச் சேர வேண்டியதை மிண்டானாவுக்குக் கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் ஒரு ரோந்துக் கப்பலின் விலையையும் ஒரு பயிற்சித் திட்டத்தின் செலவையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

எங்கள் கோயிலும் சங்கமும் வெளிநாட்டு நிவாரணத்துக்கு நன்கொடை திரட்டுகின்றன. சட்டச் சிக்கல் வருமா?

பொருளாளராக இருப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். பணமோசடித் தடுப்பு, பயங்கரவாத நிதித் தடுப்பு குறித்த 2001ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உள்துறை அமைச்சர் தடைப்பட்டியல் வெளியிடுகிறார். அதிலுள்ள அமைப்புக்கோ தனியாளுக்கோ பணம் போவது கடுமையான குற்றம். விடுதலைப் புலிகள் அமைப்பு 2014இல் இந்நாட்டின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2019 அக்டோபரில் அந்த அமைப்போடு தொடர்பு என்று 12 பேர் சொஸ்மாவின் கீழ் கைதாகிப் பிணையின்றி மாதக்கணக்கில் இருந்ததும், 2020 பிப்ரவரியில் சட்டத்துறைத் தலைவர் வழக்கைக் கைவிட்டதும் நம் சமூகம் அறிந்ததே. நம்மில் பலர் அதன் பிறகு இலங்கைக்குப் பள்ளி நோட்டு அனுப்பவும் அஞ்சினார்கள். அந்த அச்சம் எனக்குப் புரிகிறது. அதனால் உதவியையே நிறுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பதிவு பெற்ற அமைப்பின் வழியாக, வங்கிக் கணக்கிலிருந்து வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். ரொக்கமாக யாரிடமும் கொடுத்தனுப்பாதீர்கள், எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும். பெறுபவரின் பெயரைத் தடைப்பட்டியலோடு ஒப்பிட்டு, ஒப்பிட்ட தேதியையும் குறித்து வையுங்கள். எந்த ஊரில் எந்தப் பள்ளிக்கு என்ன வாங்கப்பட்டது என்பதற்கு ரசீது கேளுங்கள். பொதுக்கூட்டத்தில் கணக்கை வாசியுங்கள். பணமோசடிக்கு எதிரான பன்னாட்டு நிதி நடவடிக்கைக் குழுவில் மலேசியா 2016இலிருந்து உறுப்பினர். அந்தக் குழுவே, நேர்மையான தொண்டு அமைப்புகளின் பணியைத் தேவையில்லாமல் முடக்கக் கூடாது என்று தன் விதியைத் திருத்தியிருக்கிறது. ஆகவே நல்ல கணக்கு வைத்திருப்பவர் தலைகுனிந்து நிற்க வேண்டியதில்லை.

வீட்டுக் கூரையில் சோலார் போட்டால் பயங்கரவாதம் குறையுமா?

உங்கள் ஒரு கூரையால் குறையாது. ஆனால் மின்சாரம் ஆயிரக்கணக்கான கூரைகளில் பிறக்கும் நகரத்தை ஒரே குண்டால் இருட்டாக்க முடியாது. மருத்துவமனை, நீர் இறைக்கும் நிலையம், தமிழ்ப்பள்ளி ஆகியவற்றின் கூரைகளில் முதலில் போடச் சொல்லிக் கேட்பேன்.

இதைப் பற்றி எங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் என்ன கேட்கலாம்?

பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். நாட்டில் எத்தனை நாளுக்கான எரிபொருள் இருப்பு உள்ளது, அதை யார் சரிபார்க்கிறார்கள் என்று கேளுங்கள். அரசு நிறுவனங்கள் மோதல் நடக்கும் நாடுகளில் எண்ணெய், எரிவாயு முதலீடு செய்யுமுன் வெளியுறவு அமைச்சின் கருத்து எழுத்தில் பெறப்படுகிறதா என்று கேளுங்கள். தொழில்நுட்ப ஒத்துழைப்புத் திட்டத்துக்கு இந்த ஆண்டு ஒதுக்கீடு கூடியதா குறைந்ததா என்று கேளுங்கள். சொஸ்மாவின் கீழ் பிணையின்றி இருப்பவர்கள் எத்தனை பேர், எத்தனை வழக்குகள் தீர்ப்பு வரை போயின என்றும் கேளுங்கள். கேள்வியை எழுத்தில் கொடுங்கள். மக்களவையில் அதை அமைச்சரிடம் எழுப்பி, எழுத்துப்பூர்வப் பதிலின் நகலைத் தரும்படி கேட்டுக்கொள்ளுங்கள். ஆறாம் படிவ மாணவர்கள் சேர்ந்து கையெழுத்திட்டு அனுப்பும் கடிதத்தை எந்த உறுப்பினரும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது.